யாளியின் வாயில் என் கை

என் கை சின்னக் கை. இதை ஏதோ பட்டம் வாங்கியதுபோலச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் எனக்கு உண்டு. நகைக்கடையில் பக்கத்தில் நிற்கும் பெண்கள் பெருவிரலை மடக்கி, முகத்தைச் சுழித்துக்கொண்டு காப்போடு மல்லுக்கட்டுவார்கள். நான் அலட்சியமாகக் கையை நீட்டுவேன். காப்பு தானாக ஏறும். "உமக்கென்ன, குழந்தைப்பிள்ளையின்ரை கை" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு வசனத்தைக் கேட்பதற்காகவே தேவையில்லாமல் பல நகைக்கடைகளுக்குப் போயிருக்கிறேன்.

அந்தக் கர்வத்தோடு இன்னொரு நோயும் முப்பத்தொரு வயதில் சேர்ந்துகொண்டது. பழம்பொருள் சேர்க்கும் நோய். நாங்கள் குடியேறிய இந்தக் குளிர்நாட்டு நகரத்தில், சனிக்கிழமைகளில் மல்வேர்ன், வோபர்ன் பகுதிகளின் வீட்டு வாசல்களில் பழைய சாமான் விற்பார்கள். நான் விடியவே போய் நிற்பேன். அப்படி வாங்கிய முதல் பொக்கிஷம் ஒரு "திபெத் வெள்ளி" மாலை. இரண்டு நாள் போட்டேன், கழுத்து பச்சையாகிவிட்டது. என் கணவர் நேசன் வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ் திருத்துகிறவர். மாலையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "உதிலை வெள்ளி மருந்துக்கும் இல்லையப்பா. நான் பொருத்துற பைப் இதைவிடச் சுத்தமான செம்பு" என்றார். (அவருக்கு ரசனை போதாது என்று தங்கச்சிக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன்.)

இப்படி இரண்டு வருடம் ஏமாந்த பிறகு நான் நிபுணியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுக் காகிதம் கண்ணில் பட்டது. ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் ஒருவர் தன்னிடமுள்ள இமயமலை வெள்ளி நகைகளை ஒரு மியூசியத்துக்குக் கொடுக்கப்போகிறார். அவற்றைப் படம் எடுத்துப் பட்டியல் போட ஆள் வேண்டும். "அனுபவமுள்ள சேகரிப்பாளர்" என்று என்னைப்பற்றி நானே எழுதி அனுப்பினேன். பச்சைக் கழுத்தும் ஓர் அனுபவம்தானே.

டொக்டர் எலினோரின் வீடு மோர்னிங்சைட்டிலிருந்து ஏரிப்பக்கம் இறங்கும் தெருவொன்றில் இருந்தது. எழுபது தாண்டியவர். வாலிபத்தில் பதினொரு வருடம் இமயமலைக் கிராமங்களில் மாடும் ஆடும் பார்த்தவர். அவருடைய மூன்று கால் கிழட்டு நாய் என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, தேறமாட்டாள் என்பதுபோல் திரும்பிப் போனது. டொக்டர் என் கையில் ஒரு சோடி வெள்ளைப் பருத்திக் கையுறையைத் தந்தார். (அவர் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் சொல்கிறேன்.)

"ஒரே ஒரு சட்டம்தான். எதையும் போட்டுப் பார்க்கக்கூடாது."

"சேச்சே" என்றேன்.

பிறகு அவர் தட்டுகளைத் திறந்தார். அதுவரை நான் நகை என்று நினைத்திருந்ததெல்லாம் வெறும் மினுக்கம் என்று அன்றைக்கு விளங்கியது. உள்ளங்கை அளவில் வெள்ளித் தாயத்துப் பெட்டிகள் இருந்தன. கதவில் மயிரிழைத் தடிப்பில் வெள்ளிக் கம்பி முறுக்கி, அதற்குள் கடுகிலும் சின்ன வெள்ளி மணிகளை ஒவ்வொன்றாக ஒட்டியிருந்தார்கள். நெற்றியிலிருந்து முதுகு வரை தொங்கும் தலையணியொன்றில் நீலப்பச்சைக் கற்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கப்போகும் பின்பக்கத்திலும் ஒரு தாமரை. யாருக்காக? நான் வாயைத் திறந்தபடியே நின்றிருக்கவேண்டும். டொக்டர் சிரித்தார்.

கடைசியாக, தனியாக ஒரு கைக்குட்டையில் சுற்றியிருந்த காப்பை எடுத்தார். விரல் தடிப்பில் கனமான வெள்ளி. இரண்டு யாளிகள் இரு பக்கத்தாலும் வளைந்து வந்து வாயோடு வாய் வைத்து நின்றன. பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வாய்கள் சேரும் இடத்தில் எட்டு இதழோடு ஒரு சின்னப் பூ.

"கடைத்தெருவில் உருக்குவதற்கென்று குவித்து வைத்திருந்த வெள்ளிக்குள் இது கிடந்தது. நிறுத்துத்தான் தந்தார்கள். இவ்வளவு சின்னக் காப்பு ஒரு பெரியவளின் கைக்குள் போகாது. யாரோ சிறுமியுடையது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பிள்ளை உயிரோடு இருந்தால் ஒரு தாய் இதை விற்றிருப்பாளா? நாற்பது வருடமாக எனக்கு அதுதான் யோசனை" என்றார்.

நானும் பட்டியலில் "சிறுமியின் காப்பு" என்று பயபக்தியோடு எழுதிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மியூசியத்திலிருந்து ஒலிவர் என்பவர் வருவதாக ஏற்பாடு. அவரைச் சந்திப்பதற்காக நான் சேலைக்கு இஸ்திரி போடுவதுபோல என்னையே இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். காரணம் இருந்தது. "நீ கவனமாக வேலை செய்கிறாய். அங்கே பகுதிநேர வேலைக்கு உன் பெயரைச் சொல்லப்போகிறேன்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது சொர்க்கத்திலிருந்து வந்த கடிதம்.

ஒரு மணிக்கு டொக்டர் ஒலிவரை ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவரக் கிளம்பினார். திரும்பிவர இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றார். நான், நாய், காப்பு மூவரும் மிச்சம்.

இனி நடந்ததற்கு நான் யாரையும் குற்றம் சொல்லமுடியாது. நாயைக்கூட.

காப்பைப் படமெடுக்கக் கைக்குட்டையை விரித்தேன். பெரியவளின் கைக்குள் போகாது என்று அவர் சொன்னது காதுக்குள் நின்றது. பெரியவளின் கை சரி. ஆனால் *என்* கை? ஒரு கையுறையைக் கழற்றினேன். பெருவிரல் மூட்டில் காப்பு நின்றது. புத்தியுள்ளவள் அத்தோடு விட்டிருப்பாள். நானோ என் கைப்பையில் கிடந்த மெல்லிய பொலித்தீன் பையை எடுத்துக் கையில் சுற்றினேன். காப்புக்கடைக்காரர்கள் செய்யும் அதே வித்தை. மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். எலும்பு ஏதோ "கிளுக்" என்றது. காப்பு ஏறிவிட்டது.

அந்தப் பத்து நிமிடத்தைப்பற்றி நான் பொய் சொல்லமாட்டேன். என் வாழ்க்கையின் மிக அழகான பத்து நிமிடங்களில் அதுவும் ஒன்று. வெள்ளி முதலில் குளிர்ந்தது, பிறகு என் சூட்டை வாங்கிக்கொண்டது. மணிக்கட்டில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. கையைத் திருப்பினால் யாளிகளும் திரும்பின. யன்னலடியில் நின்று கைபேசியில் ஆறு படம் எடுத்தேன்.

ஏழாவது படத்தில் என் விரல்கள் யாரோ குண்டுப் பெண்ணின் விரல்கள்போல இருந்தன.

இழுத்தேன். வரவில்லை. பொலித்தீன் பையை உள்ளே நுழைக்கப் பார்த்தேன். இடமில்லை. இழுக்க இழுக்கக் கை வீங்கியது, வீங்க வீங்கப் பயத்தில் இன்னும் இழுத்தேன். குசினியில் பாத்திரம் கழுவும் சோப் இருந்தது. ஆனால் பழைய வெள்ளியின் பள்ளங்களில் படிந்த கறுப்பைச் சோப் தின்றுவிடும் என்று படித்திருந்தேன். இருந்த ஒரே அறிவும் அந்த நேரத்தில்தான் குறுக்கே வந்து நிற்கவேண்டுமா? அழுதுகொண்டு நேசனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, ஒரு காப்பு கையிலை இறுகிப்போச்சு."

"ஆற்றை காப்பு?"

"மியூசியத்துக்குக் குடுக்கிற காப்பு."

"என்ன கோதாரியப்பா! தொடாதை எண்டு சொன்னதைத்தான் நீர் முதல்லை தொடுவீர். கையை உயர்த்திப் பிடிச்சுக்கொண்டு இரும். நான் வாறன்."

நல்ல காலம், பக்கத்தில்தான் வேலையில் நின்றார். அரை மணியில் வந்தார், வேலைச் சீருடையோடு, நெற்றியில் விளக்குக் கட்டியபடி, கையில் தமிழ்க் கடையில் வாங்கிய தேங்காயெண்ணெய்ப் போத்தல். கார்த்திகைக் குளிரில் அது கல்லாய் உறைந்திருந்தது. போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து, உருகும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கலியாணமாகி ஏழு வருடத்தில் நாங்கள் இவ்வளவு அமைதியாகச் சேர்ந்திருந்ததில்லை.

எண்ணெயை ஊற்றினோம். முழங்கை வரை வழிந்தது. நாய் வந்து நக்கத் தொடங்கியது. நேசன் இழுத்தார், நான் கத்தினேன், நாய் குரைத்தது. காப்பு மட்டும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"ஐயோ, வந்திட்டினம்! கோட்டை எடுங்கோ!"

குளிர்கோட்டை மாட்டி, கையை உள்ளே இழுத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். நேசன் எங்கே ஒளிவதென்று தெரியாமல் நடு அறையில் நின்றார். டொக்டர் உள்ளே வந்தார். பின்னால் ஒலிவர், மெலிந்த உயர்ந்த மனிதர், காலணியைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுகிற வகை.

"இவர் யார்?" என்றார் டொக்டர்.

"ஃபர்னஸ் பார்க்க வந்தேன், மேடம்" என்றார் நேசன்.

"என் வீட்டில் ஃபர்னஸ் இல்லையே. எல்லாம் மின்சார ஹீட்டர்."

"அதைத்தான் பார்த்து உறுதிப்படுத்த வந்தேன்" என்று சொல்லிவிட்டு நேசன் நிலக்கீழ் அறைப் படியில் இறங்கி மறைந்தார். (இந்தப் பதிலுக்காக அவரை நான் இன்றுவரை மதிக்கிறேன்.)

ஒலிவர் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். நான் ஒற்றைக் கையால் சுட்டிக் காட்டினேன். "குளிர்கிறதா?" என்று டொக்டர் கேட்டார். கொஞ்சம் என்றேன். முகத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. என் கோட்டுக் கையிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நாய் அதன் கீழே உட்கார்ந்து, வாயைத் திறந்து, ஒவ்வொரு சொட்டுக்கும் காத்திருந்தது.

ஒலிவர் கைக்குட்டையைத் தூக்கினார். வெறும் கைக்குட்டை.

"சிறுமியின் காப்பு என்று எழுதியிருக்கிறதே?"

டொக்டர் நாயைப் பார்த்தார். நாய் பார்த்த இடத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"கோட்டைக் கழற்று."

கழற்றினேன். ஒலிவர் ஒரு சின்னச் சத்தம் போட்டார், யாரோ அவருடைய காலை மிதித்ததுபோல. வேலை, பரிந்துரை, மியூசியம் எல்லாம் அந்தச் சத்தத்தோடு போய்விட்டது என்று தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். டொக்டர் அதற்குள் என் கையைப் பிடித்துவிட்டார். நகத்தை அழுத்தி, பிறகு விட்டார். வெளிறிய நகம் சிவக்க நேரம் எடுத்தது. விரல் நுனிகள் நீலம் பாய்ந்திருந்தன.

"விரலில் உணர்ச்சி தெரிகிறதா?"

"மரத்துப் போய்விட்டது."

அவர் நிமிர்ந்தார். "வெட்டவேண்டும்."

ஒரு கணம் என் கையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மிருக வைத்தியர் அல்லவா!

"டொக்டர், இது நூற்றைம்பது வருடத்துக்குக் குறையாத வேலை" என்றார் ஒலிவர் மெதுவாக. "மருத்துவமனைக்குப் போனால்..."

"அங்கேயும் வெட்டத்தான் போகிறார்கள், நாலு மணித்தியாலம் காக்கவைத்துவிட்டு. கயிறு இறுகிக் கால் அழுகிய கன்றுக்குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளியை யாரும் திரும்பச் செய்யலாம். வெட்ட ஏதாவது..."

"கட்டர் என்ரை வானுக்குள்ளை இருக்கு" என்று நிலக்கீழ் அறைப் படியிலிருந்து ஒரு குரல் வந்தது. தமிழில். நேசன் தன்னை மறந்து மேலே வந்துவிட்டார். பிறகு ஆங்கிலத்தில், "நான் இவளுடைய புருஷன். மன்னிக்கவேணும்" என்றார். டொக்டர் ஆச்சரியப்படவேயில்லை.

"வெட்டவேண்டாம்" என்றேன் நான். அது அழுகை இல்லை. வேறு ஏதோ. அந்தப் பூவையும் பிடரி மயிரையும் செதுக்கியவன் எங்கோ பனிக்குள் குந்தியிருந்து, கண்ணைச் சுருக்கி, ஒரு கோடும் பிசகாமல் செய்த வேலை. உருக்கும் குவியலிலிருந்து தப்பி, கடல் கடந்து, நாற்பது வருடம் கைக்குட்டைக்குள் பத்திரமாக இருந்த வேலை. என்னுடைய சின்னக் கைப் பெருமைக்காக அதை வெட்டுவதா? "என்னால் இது வெட்டுப்பட்டால் நான் ஆயுளுக்கும் நித்திரை கொள்ளமாட்டேன்."

டொக்டர் என் மற்றக் கையைப் பிடித்தார். "பிள்ளை, இந்தக் காப்பை நான் நேசிக்கிறேன். ஆனால் உனக்கு இருப்பது இந்த ஒரு வலக்கை."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வார்த்தைக்குத்தான் நான் உடைந்து அழுதேன்.

நேசன் கட்டரோடு வந்தார். மேசையில் துவாய் விரித்து, அதில் என் கையை வைத்தார். எந்த இடம் மெல்லியதென்று பார்க்க நெற்றி விளக்கைப் போட்டுக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"என்னப்பா?" என்றேன்.

"பொறும்." விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். "குமிழ் வருது."

"என்ன குமிழ்?"

அவர் ஒலிவரைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். "நாங்கள் காஸ் குழாயில் ஒழுக்குக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் பூசுவோம். எங்கே குமிழ் வருகிறதோ அங்கே வழி இருக்கிறது. பாருங்கள், இந்தப் பூவைச் சுற்றி எண்ணெய் உள்ளே இறங்குகிறது, காற்று வெளியே வருகிறது. இது ஒட்டிய பூ இல்லை."

நாலு தலைகளும் என் மணிக்கட்டின்மேல் கூடின. யாளிகளின் வாய்கள் சேரும் இடத்தில், அந்த எட்டிதழ்ப் பூவின் அடியில், மயிரிலும் மெல்லிய ஒரு வட்டக் கோடு. அதிலிருந்து ஊசிமுனை அளவில் ஒரு குமிழ் எழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று.

ஒலிவர் தன் கையுறையைக் கழற்றினார். அவர் அதைச் செய்ததை நாங்கள் எல்லோரும் கவனித்தோம். இரண்டு விரலால் பூவைப் பிடித்து, மூச்சு விடாமல், ஒரு பக்கம் கொஞ்சம் திருப்பினார். பிறகு மறுபக்கம். மறுபடியும் எண்ணெய் விட்டார். எவ்வளவு நேரமென்று தெரியாது. நேசனின் மூச்சு என் காதில் பட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று பூ திரும்பியது.

அது ஒரு புரியாணியின், அதாவது திருகாணியின், தலை. சுற்றச் சுற்ற மேலே வந்தது. முழுவதும் வெளியே வந்ததும், காப்பின் மறுபக்கத்தில், கொடிவேலைக்குள் யார் கண்ணுக்கும் படாமல் இருந்த கீல் ஒன்று அசைந்தது. இரண்டு யாளிகளும் மெதுவாக ஒன்றைவிட்டு ஒன்று விலகின.

என் கை வெளியே வந்தது. கொடுக்காப்புளிபோல வளைந்து, எண்ணெயில் மின்னிக்கொண்டு. அதை ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

யாளிகளின் வாய் திறந்திருந்தது. அதற்குள் பற்கள் இருந்தன. பற்களுக்குப் பின்னால் நாக்கு, நாக்கில் நடுக்கோடு. பூட்டிவிட்டால் எவருமே பார்க்கமுடியாத இடம். போட்டிருப்பவள்கூட ஒரு கையால் கழற்றும்போது ஒரு கணம்தான் பார்த்திருப்பாள். அங்கேயும் அவன் ஒரு நாக்கைச் செதுக்கி வைத்திருக்கிறான்.

ஒலிவர் புரியாணியை வெளிச்சத்தில் பிடித்தார். அதன் புரிகளுக்குள் ஏதோ சுற்றியிருந்தது. சிவப்புக் கம்பளி நூல், அரை விரல் நீளம்கூட இல்லை.

"ஆணி தேஞ்சு இளகிப்போச்சு" என்றார் நேசன் மெதுவாக. "இறுக்கமாயிருக்க, போட்டிருந்தவ நூல் சுத்தியிருக்கிறா. நாங்களும் பைப்புக்கு அப்பிடித்தான் செய்யிறது." அதை நான் ஆங்கிலத்தில் டொக்டருக்குச் சொன்னேன்.

டொக்டர் கதிரையில் இருந்துவிட்டார். "அப்படியென்றால் இது சிறுமியுடையது இல்லை" என்றார். காப்பின் உட்பக்கத்தை விரலால் தடவினார். அது கண்ணாடிபோல் தேய்ந்திருந்தது. "வளர்ந்த பெண். வருடக்கணக்காகப் போட்டிருக்கிறாள். ஆணி இளகும்வரை கழற்றிக் கழற்றிப் பூட்டியிருக்கிறாள்." பிறகு தனக்குள் சொல்வதுபோல, "இத்தனை வருடம் ஒரு குழந்தைக்காகத் துக்கப்பட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். அந்த நூலைச் சுற்றிய கை எங்கள் ஐந்து பேருக்கும் (நாயையும் சேர்த்துத்தான்) அந்த மேசையில் தெரிந்தது. பழம்பொருள் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். அதற்குமுன் நான் சேர்த்ததெல்லாம் பழைய சாமான்.

மியூசியத்தில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஒலிவர் மரியாதையான மனிதர், ஆனால் மறதிக்காரர் இல்லை. டொக்டர் மட்டும் மிச்சத் தட்டுகளுக்கு என்னை வரச்சொன்னார், கையுறையை மணிக்கட்டில் ரப்பர் பட்டியால் கட்டிக்கொண்டு வேலை செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு. குளிர்காலம் முழுக்க அப்படியே செய்தேன். என் மணிக்கட்டில் காப்பின் தடம் மூன்று நாள் வளையமாகப் பதிந்திருந்தது. அது மறைந்தபோது கவலையாகத்தான் இருந்தது.

இப்போது அந்தக் காப்பு மியூசியத்தில் கண்ணாடிக்குள், வாய் திறந்தபடி இருக்கிறது. நூல் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில். அதன் குறிப்பேட்டின் பிரதியொன்றை ஒலிவர் டொக்டருக்கு அனுப்பியிருந்தார், டொக்டர் எனக்குக் காட்டினார். ஒலிவர் நேர்மையான ஆள். கண்டதை எல்லாம் எழுதியிருந்தார்: வளர்ந்த பெண்ணின் காப்பு, மறைவான கீல், புரியாணி, சிவப்புக் கம்பளி நூல். கடைசி வரியில், "புரிகளுக்குள் தேங்காயெண்ணெய்ப் படிவு, அகற்றினால் நூல் சேதமாகும் என்பதால் அப்படியே விடப்பட்டுள்ளது."

எங்கள் வீட்டில் யார் விருந்துக்கு வந்தாலும் நேசன் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். முடிவில் தவறாமல் ஒரே கேள்வி: "இன்னும் நூறு வருஷத்திலை ஒரு பேராசிரியர் வந்து பார்ப்பார். இமயமலை உச்சியிலை தென்னந்தோப்பு இருந்தது எண்டு புத்தகம் எழுதுவார். அந்தப் புத்தகத்துக்கு ஆர் காரணம்?"

வந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன்.